குளக்கட்டில் ஒரு முதலீடு

கடந்த ரமழானுக்குப் பிறகு ஒருநாள் இரவு கட்டாரிலிருந்து என் ராத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். புத்தளத்து முகாமில் பிறந்தவன் அவன். யாழ்ப்பாணத்தை நான்கைந்து தடவை வந்து பார்த்திருக்கிறானே தவிர, அங்கு வாழ்ந்தவன் அல்லன்.

“மாமா, கடனீரேரியப் பார்த்த மாதிரி நாலு பரப்புக் காணி ஒன்று விலைக்கு வந்திருக்கு. கெஸ்ட் ஹவுஸ் ஒன்று போடலாமா? இப்ப எல்லாரும் தண்ணிக் கரையிலதான் தங்க விரும்புறாங்க. நீங்க ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க.”

அவனுடைய பத்து வருட உழைப்பு அந்தக் கேள்விக்குள் இருந்தது. சும்மா ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லிவிட மனம் வரவில்லை. மூன்று நாள் ஒதுக்கி, குடாநாட்டின் நீர்நிலைகளைச் சுற்றி நடந்து பார்த்தேன். பார்த்ததையும் போட்ட கணக்கையும், அவனுக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் உழைத்த பணத்தை ஊரில் போட நினைக்கும் நம்மவர்கள் பலர் இதே கேள்வியோடு இருப்பதை நான் அறிவேன்.

நடப்பவரிடம் என்ன வருமானம்?

ஒருவர் ஏரிக்கரையில் நடந்து போனால் யாருக்கு என்ன இலாபம்? நடப்பதற்கு ரிக்கற் இல்லை, காற்றுக்கும் விலை இல்லை. வியாபாரிக்கு முதலில் தோன்றும் சந்தேகம் இதுதான்.

இதற்குப் பதில் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது. ‘லேக் டிஸ்ரிக்ற்’ என்று அழைக்கப்படும் அந்த மலைநாட்டில் பெரிதும் சிறிதுமாகப் பல ஏரிகள் உள்ளன. நாட்டின் மிக நீளமான இயற்கை ஏரியான விண்டர்மியர் அங்குதான் இருக்கிறது. 1847இல் ரயில் பாதை விண்டர்மியர் வரை வந்தது. 1951இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே போகிறார்கள். போகிறவர்களில் பெரும் பகுதியினர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஏரிக்கரையிலும் மலைச்சரிவிலும் நடப்பது.

நடைபாதைக்குக் கட்டணம் இல்லை. பண்ணைகளுக்கு ஊடாகவும் வேலிகளைத் தாண்டியும் போகும் அந்தப் பாதைகள் பொதுமக்களின் சட்டபூர்வமான உரிமை. வருமானம் பாதையின் இரு முனைகளிலும் கிடைக்கிறது. காலையில் சாப்பாடு போட்டு இரவுக்கு அறை கொடுக்கும் வீடு, தேநீர்க் கடை, படகுத்துறை, சப்பாத்துக் கடை, வழிகாட்டிப் புத்தகம் என்று அது பரந்து கிடக்கிறது. அல்பிரட் வெயின்றைட் என்பவர் தானே நடந்து, தானே படம் வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்களை வெளியிட்டார். அவை இன்றும் விற்கின்றன.

பாதைதான் முதல் என்பதை அந்த ஊர் மக்கள் 2001ஆம் ஆண்டு படித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மாடு, ஆடுகளுக்குக் கால்வாய் நோய் பரவியது. நோய் பரவாதிருக்க நடைபாதைகள் மூடப்பட்டன. ஹோட்டல் திறந்திருந்தது, கடை திறந்திருந்தது, ஏரியும் அங்கேயே இருந்தது. ஆனால் நடக்க வழியில்லை என்றதும் வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். பண்ணையாளர்களோடு சேர்ந்து விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் நொடிந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கொடைக்கானலில் 1863இல் லெவிஞ் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அதைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீற்றர் பாதை. அந்தப் பாதையில் சைக்கிள் வாடகைக்கு விட்டே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நமது நுவரெலியாவில் ஆளுநர் கிரகரி 1873இல் அமைத்த வாவி, கண்டியில் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1807இல் கட்டிய வாவி ஆகியவையும் அப்படித்தான். மூன்றும் மனிதன் கட்டியவை. மூன்றையும் சுற்றி நடக்க வழி விட்டதால், கட்டியவர்கள் போன பின்னரும் ஊருக்குச் சோறு போடுகின்றன.

மலை இல்லாத ஊரில்?

“அங்கே மலை இருக்கிறது, குளிர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்கள். உண்மைதான். குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடனீரேரியில் விழும் வழுக்கியாறுதான் ஆறு என்ற பெயருக்கு இருக்கிறது.

ஆனால் தண்ணீரைச் சுட்டும் சொற்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. குளம், கேணி, துரவு, தாழ்வு, தரவை, கடனீரேரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். குடாநாட்டில் சிறியதும் பெரியதுமாகச் சுமார் ஆயிரம் குளங்கள் என்பார்கள். இவற்றுக்கு வெளியே யாழ்ப்பாணக் கடனீரேரி, வடமராட்சிக் கடனீரேரி எனப்படும் தொண்டைமானாறு, உப்பாறு ஆகிய பெரிய நீர்ப்பரப்புகள். குடாநாட்டின் எந்த மூலையில் நின்றாலும் சைக்கிளில் அரை மணி, முக்கால் மணி ஓடினால் ஏதாவது ஒரு நீர்க்கரையை எட்டிவிடலாம்.

நடந்து போகிறவனுக்கு உபகாரம் செய்வதும் இந்த மண்ணின் பழைய வழக்கம். வீதியோரத்தில் மடம், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக்கல், மாடு உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக்கல், அதன் பக்கத்தில் தண்ணீர் குடிக்கக் கேணி. நான்கும் ஓரிடத்தில் இருந்தால் அது ஒரு தரிப்பிடம். மேல்நாட்டான் இன்று பலகை போட்டுச் செய்வதை நம் ஊரார் கல்லில் செய்து வைத்தார்கள். இடிந்தவை போக மிச்சமிருப்பவற்றை இன்றும் குளக்கரைகளில் காணலாம்.

மூன்று நாள், ஐந்து நடை

முதல் நாள் பின்னேரம் பண்ணையிலிருந்து ஆரம்பித்தேன். சோனகர் தெருவில் பிறந்த எனக்கு அது வீட்டு வாசல் மாதிரி. வாப்பா அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கைபிடித்து அழைத்துப் போன இடம். ஒரு பக்கம் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை. மறுபக்கம் முழங்காலளவு ஆழத்தில் பரந்து கிடக்கும் கடனீரேரி. தடி நட்டுக் கட்டிய மீன் வலைகளுக்கு மேலே கொக்கும் நீர்க்காகமும் இருக்கும். பண்ணைப் பாலத்து வீதியில் வேலணைப் பக்கமாக நடந்தால், பொழுது விழும் நேரத்தில் இரு பக்கமும் தண்ணீர் செம்பாகத் தெரியும். இந்த நடைக்கு விளம்பரம் தேவையில்லை. ஊர்ச்சனமே நிறைந்திருக்கிறது. கச்சான், ஐஸ்கிறீம் வியாபாரம் அமோகமாக நடக்கிறது.

அடுத்த நாள் காலை ஆரியகுளம். நகரின் நடுவில் குப்பையும் பாசியுமாகக் கிடந்த குளம், 2021இல் தனியார் கொடையோடு மாநகர சபையால் புதுப்பிக்கப்பட்டது. சுற்றி நடைபாதை, இருக்கை, விளக்கு. ஒரு சுற்று நடக்கச் சில நிமிடங்களே எடுக்கும். ஆனால் பாடம் பெரியது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று குடும்பங்கள் வந்து உட்காருகின்றன.

பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நவக்கிரிப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனேன். சிறு குளம்போலத் தெரியும் அந்தக் கிணறு சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டானது. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இந்த ஊரில் முதலீடு செய்ய நினைக்கும் எவரும் முதலில் இதை எட்டிப் பார்க்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பின்னேரம் வல்லைவெளி. பருத்தித்துறை வீதி தொண்டைமானாற்று நீர்ப்பரப்பைக் கடக்கும் இடம். மரமில்லாத பெருவெளி. காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து வடக்கே தொண்டைமானாறு வரை கரையோரமாகப் போனால் பனங்கூடல், தரவை, மீனவர் வள்ளம், கடைசியில் கடலோடு சேரும் இடத்தில் தடுப்பணை. மாரி முடிந்த தை, மாசி மாதங்களில் இந்த வெளியின் அழகு எந்த ஏரிக்கும் சளைத்ததல்ல. ஆனால் ஆவணியில் போனால் பல இடங்களில் வெடித்த சேறும் வெள்ளை உப்பும்தான் தெரியும். நானே இரண்டு காலத்திலும் பார்த்திருக்கிறேன். ஆகவே இது வருடம் முழுக்க ஓடும் வியாபாரமல்ல.

மூன்றாம் நாள் விடிய முன்னர் புறப்பட்டுச் சுண்டிக்குளம். 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா. ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். பூநாரைக் கூட்டம் இறங்கினால் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்புப் பாய் விரித்த மாதிரி இருக்கும். திரும்பும் வழியில் அராலிக்குப் போய், வழுக்கியாற்று வயல்களையும் பார்த்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஐந்து நடையிலும் நான் குறித்துக்கொண்ட குறை ஒன்றுதான். கால் வைக்க இடம் இருக்கிறது, களைத்தால் குந்த இடமில்லை. நிழல் இல்லை, குடிதண்ணீர் இல்லை, பெண்பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமில்லை, எந்தக் குளம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. வியாபாரி குறையைக் கண்டால் மகிழ வேண்டும். அங்கேதான் அவனுக்கு வேலை இருக்கிறது.

வருகிறவர்கள் யார்?

2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். பிறகு குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வடக்குக்கு வழியும் ஒவ்வொன்றாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை ஆரம்பித்து, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

யாழ்ப்பாணம் வருகிறவர்களை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். ஒன்று, ஆடி, ஆவணியில் வரும் புலம்பெயர்ந்த தமிழர்கள். இவர்கள் உறவினர் வீட்டில் தங்குவார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட ஆள் தேடுவார்கள். இரண்டு, தெற்கிலிருந்து பஸ்ஸில் வரும் உள்நாட்டவர்கள். நயினாதீவும் நல்லூரும் கோட்டையும் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். மூன்று, மார்கழி முதல் பங்குனி வரை முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரர்கள். நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பறவை பார்க்கிறவர்களும் இவர்கள்தான். தண்ணீர் நிறைந்த காலமும் பறவை வரும் காலமும் இவர்கள் வரும் காலமும் ஒன்றாக அமைந்தது இந்த ஊருக்குக் கிடைத்த கொடை.

மருமகனின் கணக்கு

இனி அவனுடைய திட்டத்துக்கு வருவோம். காணிக்கும் நான்கு அறைக் கட்டடத்துக்குமாக 2 கோடி 40 இலட்சம் ரூபா. அவனுடைய சேமிப்பு 90 இலட்சம். மிச்சம் ஒரு கூட்டாளியும் வங்கியும்.

நான் காகிதத்தில் போட்ட கணக்கு இது. அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 9,000 ரூபா என்று வைப்போம். நான்கு அறையும் வருடம் முழுக்க நிறைந்தால் 1 கோடி 31 இலட்சம் வரும். ஆனால் நிறையாது. பருவம் போக மற்றக் காலத்தையும் சேர்த்து நூற்றுக்கு 35 வீதம் நிறையும் என்று எடுத்தால் கைக்கு வருவது 46 இலட்சம். மூன்று வேலையாட்களின் சம்பளம் 18 இலட்சம், மின்சாரம், தண்ணீர், சலவை, காலைச் சாப்பாடு 10 இலட்சம், இணையத்தில் அறை பதிவு செய்து தரும் நிறுவனங்களின் தரகு 7 இலட்சம், பழுதுபார்ப்பு 3 இலட்சம். மொத்தம் 38 இலட்சம். மிச்சம் 8 இலட்சம். இரண்டு கோடி நாற்பது இலட்சத்துக்கு இது நூற்றுக்கு மூன்றரை வீதம்கூட இல்லை. வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் முதல் வருடமே மூழ்கும்.

கணக்கு மட்டும் காரணமென்றால் அவனுக்கு இதை அனுப்பிவிட்டு நான் சும்மா இருந்திருப்பேன். அந்தக் காணியைப் போய்ப் பார்த்தபோதுதான் வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. அது என்னுடைய கணக்கு.

நான் மூடிய வாய்க்கால்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி உடுத்த உடையோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தேன். 2011இல் நகரின் ஓரத்தில் மூன்று பரப்புத் தாழ்ந்த காணி ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. அறுபது டிப்பர் மண் போட்டு மேடாக்கி, இரும்புச்சாமான் கடைக்குக் களஞ்சியம் கட்டினேன்.

அந்த வருடம் கார்த்திகை மழை. இரண்டு இரவில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். என் களஞ்சியம் மேட்டில் நின்றது. பின்பக்கத்து இரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. விடிய நான் போய் நின்றபோது, நனைந்த பாயைத் தோளில் போட்டபடி நின்ற ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, நீங்கள் மூடினது காணியில்லை. குளத்துக்குத் தண்ணி போற வாய்க்கால். உங்கட வாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவர் ஏசவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவனை அந்த ஒழுங்கை வரவேற்றது. நான் முதலில் செய்த காரியம் அவர்களுடைய வீட்டுக்குள் தண்ணீரை விட்டது. அடுத்த கோடையில் என் கிணற்றுத் தண்ணீரும் உவர்த்துப் போனது. களஞ்சியத்தில் பாதியை இடித்து, போட்ட மண்ணை அள்ளி, வாய்க்காலை மறுபடி வெட்டினேன். போட்ட பணத்தில் பெரும்பங்கு அந்தச் சேற்றோடு போனது.

கிணறு ஏன் உவர்த்தது என்பதைப் பிறகு ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளர் எனக்கு விளக்கினார். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் பாலின் மேல் ஆடை மிதப்பது போல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசானது என்பதே காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 மீற்றர் ஏறலாம். மேலிருந்து அந்த ஆடையை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த மழை கடலுக்கு ஓடாமல் நின்று ஊறும் இடங்கள்தான் நம் குளங்கள். குளத்தையும் அதன் வாய்க்காலையும் மூடினால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம், கோடையில் கிணற்றில் உப்பு. நிலாவரையை எட்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மேலே நன்னீர், கீழே உப்பு என்பது அங்கே கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தத் தண்ணீருக்காகப் பெரியவர்கள் எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் ஐம்பதுகளில் தடுப்பணை கட்டப்பட்டது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். அது இன்றுவரை முழுமையாகவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலைக்கு வந்த ஊரில், இருக்கும் குளத்தை மண் போட்டு மூடுவது எவ்வளவு பெரிய நட்டம் என்று யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் மண் போட்ட காலத்தில் சட்டம் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

கடற்கரையில் உயர்நீர் எல்லையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. கடலோடு தொடுக்கும் ஆறு, கடனீரேரி ஆகியவற்றில் இந்த எல்லை முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகும். அங்கே கட்டடம் கட்ட அந்தத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றம். பிரதேச சபையின் அல்லது மாநகர சபையின் கட்டட அனுமதி தனி. உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பதாயின் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். உறுதி சுத்தமாக இருப்பதால் காணி சுத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். மழைநாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அயலில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம், “இதால தண்ணி எங்க போகும்?” என்று கேளுங்கள். நொத்தாரிசு சொல்லாததை அவர் சொல்வார்.

மருமகன் காட்டிய காணியில் நான் அதைத்தான் செய்தேன். எல்லைக் கல்லுக்கு உள்ளேயே நாணல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் 2024 கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அளவை மதிலில் காட்டினார். என் இடுப்புக்கு மேல்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

“வேண்டாம்” என்று மட்டும் சொல்லி வைத்தால் பிள்ளையின் காசு வேறொரு மோசமான இடத்துக்குப் போகும். அதனால் மாற்றுத் திட்டம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன்.

சோனகர் தெருவில் வாப்பாவின் வீடு பாதி இடிந்து நிற்கிறது. அது எங்கள் குடும்பச் சொத்து. அதைத் திருத்தி இரண்டு அறை எடுக்க 24 இலட்சம். பழகிய பத்து சைக்கிள் 5 இலட்சம். தலைக்கவசம், பறவை பார்க்கும் தொலைநோக்கி, திருத்தும் சாமான்கள் 1 இலட்சம். மொத்தம் 30 இலட்சம். கடன் இல்லை.

சைக்கிள் நாளொன்றுக்கு 1,500 ரூபா. ஆறு மாதப் பருவத்தில் சராசரியாக நான்கு சைக்கிள் போனால் 10 இலட்சத்து 80 ஆயிரம். கிழமைக்கு மூன்று நாள் காலையில் வழிகாட்டியோடு நீர்க்கரை நடை, ஆளுக்கு 2,500 ரூபா, நான்கு பேர் என்றால் பருவத்துக்கு 7 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டு அறை 6,000 ரூபாவுக்கு, அதே 35 வீதம் நிறைந்தால் 15 இலட்சத்துச் சொச்சம். மொத்தம் 34 இலட்சம். ஓர் இளைஞனின் சம்பளம், வழிகாட்டியின் கூலி, சாப்பாடு, தரகு, பழுது எல்லாம் போகச் செலவு சுமார் 19 இலட்சம். மிச்சம் 15 இலட்சம்.

இது மலர்ச்சியான கணக்கு என்பது எனக்குத் தெரியும். புதுக் கடை போடுகிறவன் வரவைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும் என்று என் வாப்பா சொல்வார். பாதியாக்கினேன். செலவிலும் ஒரு பங்கு குறையும், சம்பளம் குறையாது. அப்படியும் 3 இலட்சம் மிஞ்சுகிறது. முப்பது இலட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம். நட்டப்பட்டாலும் சைக்கிளை விற்கலாம், வீடு வீடாகவே இருக்கும். ஒன்று மட்டும் மறைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் நடத்துகிறவனுடைய சொந்த உழைப்புக்குக் கூலி போடவில்லை. கட்டாரிலிருந்துகொண்டு தொலைபேசியில் நடத்த முடியாது. யாராவது ஒருவர் விடிய ஐந்தரைக்கு எழும்பி சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும்.

இதில் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு உண்டு. நடையின் முடிவில் காலைச் சாப்பாட்டை ஒரு தமிழ் வீட்டிலும் ஒரு முஸ்லிம் வீட்டிலும் மாறிமாறி ஏற்பாடு செய்யலாம். ஒரு நாள் பிட்டும் சம்பலும், மறுநாள் வட்டிலப்பம். பறவை தெரிந்த மீனவப் பிள்ளை சிறந்த வழிகாட்டி. அவனுக்குத் தெரிந்த தண்ணீரை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வெயில் நேரத்தில் நடையை விற்காதீர்கள். காலை 6 முதல் 8.30 வரை, பின்னேரம் 4.30க்குப் பிறகு. இடையில் சாப்பாடும் ஓய்வும்.

2. பங்குனி கடந்தால் தண்ணீர் வற்றும். சித்திரை முதல் புரட்டாதி வரை வேறு வருமானம் வைத்திருங்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஊர் காட்டுவது ஒரு வழி.

3. கோவில் கேணி, பள்ளிவாசல் குளம், குளிக்கும் துறை ஆகியவை ஊராரின் புழக்கத்துக்கு உரியவை. கூட்டம் கூட்டிப் போகும் முன் கேளுங்கள். தொண்டைமானாற்றுக் கரையில் செல்வச் சந்நிதிப் பக்கம் போகிறவர்களுக்கு உடையையும் நடத்தையையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. பறவைக்குக் கிட்டப் போகாதீர்கள். இன்று படத்துக்காகக் கலைத்த கூட்டம் நாளை வேறு கரை தேடும். உங்கள் சரக்கை நீங்களே கலைத்த மாதிரி.

5. பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம். ஒவ்வொரு நடையிலும் ஒரு வெறும் பையோடு போய், நிறைத்துக்கொண்டு திரும்புங்கள். அசுத்தமான குளக்கட்டில் இரண்டாவது முறை ஒருவரும் நடக்கமாட்டார்கள்.

இதை எல்லாம் எழுதி மருமகனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தான்.

“மாமா, நீங்க சொன்னது விளங்குது. ஆனா தண்ணியப் பார்த்த அறை இருக்காதே?”

“அறைக்குள்ள இருந்து தண்ணியப் பார்க்கிறவன் ஒரு நாள்தான் இருப்பான் மகன். எழும்பி அதுக்குப் பக்கத்தால நடக்கிறவன் மூன்று நாள் இருப்பான். உனக்கு எது இலாபம்?” என்றேன்.

அவன் சிரித்தான். காணிக்கு முற்பணம் கொடுக்கவில்லை. வருகிற மார்கழியில் லீவில் வருகிறான், இன்ஷா அல்லாஹ். முதலில் பத்து சைக்கிள் வேண்டாம், நாலோடு ஆரம்பிப்போம் என்று அவனே சொன்னான். வியாபாரிக்குரிய பேச்சு அது.

அவன் வந்ததும் முதல் நடையாக அந்தப் பழைய ஒழுங்கைக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். நான் திரும்ப வெட்டிய வாய்க்கால் மாரியில் இன்றும் ஓடுகிறது. அந்த அம்மா மௌத்தாகிவிட்டார். அவருடைய மகள் அதே வீட்டில் இருக்கிறார். காலைப் பிட்டுக்கு முதல் ஓடர் அந்த வீட்டுக்குத்தான்.